கொங்கு நாட்டிலிருந்து அமெரிக்க ரெசிடென்சிக்கு: மேட்ச் எப்படி நடக்கிறது, எங்கே தொடங்குவது

பெருந்துறையிலோ கோவையிலோ சேலத்திலோ எம்பிபிஎஸ் படித்து இப்போது சிஆர்ஆர்ஐ (கட்டாயப் பயிற்சி வருடம்) ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க, அமெரிக்காவுல பிஜி சீட்டுக்கு எத்தனை ரேங்க்குக்குள்ள வரணும்?" நீட் பிஜிக்குப் பழகிய மனம் அப்படித்தான் கேட்கும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு உள்ளே நுழைந்தால் அடுத்த இரண்டு வருடமும் தவறான இடத்தில் உழைப்பீர்கள். அதனால் முறையையே முதலில் புரிந்துகொண்டு, அப்புறம் வேலையில் இறங்கலாம்.

இது கவுன்சிலிங் இல்லை

நீட் பிஜியில் ஒரு தேர்வு, அதிலிருந்து ஒரு ரேங்க். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எம்சிசி என்ற மத்தியக் குழு, மாநில ஒதுக்கீட்டுக்கு நம் தேர்வுக் குழு. உங்கள் முறை வரும்போது மிச்சமிருக்கும் சீட்டுகளில், உங்கள் சாய்ஸ் லிஸ்ட்டில் எது மேலே இருக்கிறதோ அது கிடைக்கும். கல்லூரி உங்களைப் பார்த்ததும் இல்லை, வேண்டும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

அமெரிக்காவில் பிஜி பயிற்சிக்கு ரெசிடென்சி என்று பெயர், அதற்கு இரண்டு பக்கமும் லிஸ்ட் போடுகிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள், ஆஸ்பத்திரியின் பயிற்சித் திட்டம் (எல்லோரும் புரோகிராம் என்றுதான் சொல்வார்கள்) பிடித்தவர்களை மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறது, எல்லாம் முடிந்தபின் நீங்கள் புரோகிராம்களை வரிசைப்படுத்துகிறீர்கள், அவர்கள் உங்களை மாதிரி வந்தவர்களை வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டு வரிசைகளையும் என்ஆர்எம்பி என்ற அமைப்பின் கணினி சேர்த்துப் பார்த்து, ஆளுக்கு ஒரே ஒரு இடம் சொல்கிறது. அந்த வரிசைக்கு ரேங்க் லிஸ்ட் என்று பெயர், இந்த முறைக்கு மேட்ச் என்று பெயர், 1952 முதல் நடக்கிறது. வந்த இடம் கட்டாயம். அடுத்த ரவுண்டில் அப்கிரேடு செய்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பதெல்லாம் இங்கே இல்லை. காரணமில்லாமல் விலகினால் அடுத்து வரும் மேட்ச்களில் கலந்துகொள்ளவே தடை வரலாம்.

மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது, டொனேஷன் கிடையாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. "இத்தனை லட்சம் குடுங்க, சீட் உறுதி" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நம் பக்கமும் உண்டு. மேட்ச்சில் சேர்ந்திருக்கும் புரோகிராம்கள் 2013 முதல் தங்கள் எல்லா இடங்களையும் மேட்ச் வழியாகவே நிரப்ப வேண்டும் என்பது விதி, தனியாகக் கைமாற்றித் தர யாரிடமும் சீட் இல்லை. தோட்டத்தை அடமானம் வைத்து அப்படி யாரிடமாவது பணம் கட்டலாமா என்று வீட்டில் யோசித்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு? 2025 மேட்ச்சில் 52,498 பேர் பதிவு செய்தார்கள், 43,237 இடங்கள் இருந்தன. நம்மைப் போல அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், வெளிநாட்டில் மருத்துவம் படித்து, கடைசிவரை போட்டியில் நின்றவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. பயப்பட வேண்டிய எண் இல்லை, அலட்சியமாக இருந்துவிடலாம் என்கிற எண்ணும் இல்லை.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ரெசிடென்சி ஜூலை 1 அன்று தொடங்கும். அந்த வருடத்து மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை மேட்ச் நாள். மார்ச் தொடக்கத்தில் ரேங்க் லிஸ்ட் கடைசி நாள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ. அதற்கு முந்தைய செப்டம்பர் கடைசி வாரம் விண்ணப்பம் புரோகிராம்களின் கைக்குப் போகிற நாள். அதாவது 2028 ஜூலையில் வேலையில் சேர வேண்டுமென்றால் 2027 செப்டம்பருக்குள் தேர்வுகள் முடிந்து மதிப்பெண் கையில் இருக்க வேண்டும், அதற்கு ஸ்டெப் 1 என்ற முதல் தேர்வை அதற்கு முந்தைய வருடமே முடிப்பது நல்லது. செப்டம்பருக்கு அப்புறமும் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் இன்டர்வியூ இடங்கள் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் போய்விடும்.

பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆனது என்பதையும் பார்ப்பார்கள். பல புரோகிராம்கள் ஐந்து வருடத்துக்குள் என்று வரம்பு வைத்திருக்கின்றன, சில இன்னும் குறைவாக. நீட் பிஜிக்கு மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் அமெரிக்காவை யோசிப்பவர்களுக்கு இடிக்கிற இடம் இதுதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிஆர்ஆர்ஐ முடிவதற்குள் தேர்ந்தெடுங்கள்.

பேப்பர் வேலை, குறிப்பாக உங்கள் பெயர்

இசிஎஃப்எம்ஜி என்ற அமைப்பு வெளிநாட்டுப் பட்டதாரிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகிறது. அது இல்லாமல் ரெசிடென்சியில் சேர முடியாது. கணக்குத் தொடங்கும் முன், உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் உங்கள் கல்லூரிப் பக்கத்தில் இசிஎஃப்எம்ஜி தகுதிக் குறிப்பு இருக்கிறதா, நீங்கள் பட்டம் பெறும் ஆண்டு அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். பழைய கல்லூரிகளில் பிரச்சினை இருக்காது. திருப்பூர், நாமக்கல் மாதிரி 2022-இல் தொடங்கிய கல்லூரிகளில் படிப்பவர்கள் யார் சொன்னாலும் நம்பாமல் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) 2023-இல் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தைப் பத்து வருடத்துக்குப் பெற்றுவிட்டது, அதனால் நாட்டளவில் கவலை இல்லை.

சரி, பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "எஸ். கவின்" என்றிருக்கும், பட்டத்தில் "கவின் எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து "கவின் செல்வராஜ்", ஆதாரில் இன்னொரு மாதிரி. இசிஎஃப்எம்ஜி பதிவில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் நீங்கள் காட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். பட்டத்தில் உள்ள பெயர் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். ஆக, இந்த வேலையைப் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் பாஸ்போர்ட்டில் பெயரைச் சரியாக விரித்து எழுதி வாங்குங்கள், அதே எழுத்துக்கூட்டலில் இசிஎஃப்எம்ஜி கணக்கைத் திறங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் பேசி, எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு எந்த வடிவில் பெயர் போகிறது என்று கேட்டுவையுங்கள். கல்யாணம் ஆனவுடன் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்க்க வீட்டில் சொன்னால், மேட்ச் முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட்டையும் பட்டத்தையும் கல்லூரியே சரிபார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். அந்த மேசையில் இருப்பவர் லீவில் போனால் உங்கள் கோப்பும் லீவில் போகும். சீக்கிரம் கொடுங்கள், வாரம் ஒருமுறை நேரில் போய் மரியாதையாக விசாரியுங்கள்.

தேர்வுகள்

அமெரிக்க மருத்துவ லைசன்ஸ் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யில் ஸ்டெப் 1 அடிப்படை அறிவியல், ஸ்டெப் 2 சிகே கிளினிக்கல். கோவையிலிருந்து போகிறவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ எழுதலாம். ஸ்டெப் 1, 2022 ஜனவரி முதல் வெறும் பாஸ் அல்லது ஃபெயில்தான், மதிப்பெண் காட்டுவதில்லை. அதனால் எடை முழுக்க ஸ்டெப் 2 சிகே மேல் வந்துவிட்டது. 2025 ஜூலை முதல் அதில் தேர்ச்சி 218. தேர்ச்சி போதாது என்று சொல்லவே வேண்டாம், பல புரோகிராம்கள் ஒரு எண்ணுக்குக் கீழே உள்ள விண்ணப்பங்களைத் திறப்பதே இல்லை.

இரண்டு விதிகளை மட்டும் மறக்காதீர்கள். பாஸ் ஆன தேர்வை மதிப்பெண் போதவில்லை என்று திரும்ப எழுத முடியாது. ஒரு ஸ்டெப்பை மொத்தமாக நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது, அதில் ஒரு ஃபெயில் வந்தாலும் அது காலத்துக்கும் உங்கள் பதிவில் நிற்கும். அதனால் தேதி வாங்கிவிட்டோமே என்பதற்காகப் போய் உட்காராதீர்கள். பயிற்சித் தேர்வுகளில் நீங்கள் எதிர்பார்க்கும் எண் வரவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள், தள்ளுவதற்கு ஆகும் கட்டணம் சின்ன விஷயம். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

நேரடிக் கிளினிக்கல் தேர்வாக இருந்த ஸ்டெப் 2 சிஎஸ்-ஐ 2021-இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக "பாத்வே" என்று சில வழிகள். இந்தியாவில் நிரந்தரப் பதிவு வாங்கியவர்களுக்கு ஒரு வழி, அது இல்லாதவர்களுக்கு லைசன்ஸ் உள்ள மருத்துவர்கள் நீங்கள் நோயாளியைப் பார்ப்பதைப் பார்த்து மதிப்பிடும் இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் ஓஇடி என்ற, மருத்துவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு கட்டாயம்: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுதலில் 300, அதுவும் ஒரே அமர்வில். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் இதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. வார்டில் நோயாளிக்கு விளக்குவதைத்தான் ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறார்கள், தினம் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிப் பழகினால் வந்துவிடும். ரேங்க் லிஸ்ட் கடைசி நாளுக்குள் இந்தத் தேர்வுகள் எல்லாம் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

அமெரிக்க அனுபவமும் கடிதங்களும்

ஒரு புரோகிராமுக்கு நான்கு பரிந்துரைக் கடிதம் வரை அனுப்பலாம். அதில் சிலவாவது அங்கே வேலை பார்க்கும் மருத்துவர் எழுதியதாக இருந்தால் பலம். அதற்குத்தான் எலெக்டிவ், அப்சர்வர்ஷிப். வித்தியாசம் பெரிது: எலெக்டிவில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாம், ஆனால் பட்டம் கையில் வருவதற்கு முன்பு மட்டுமே கிடைக்கும், அப்சர்வர்ஷிப்பில் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. வாய்ப்பிருந்தால் எலெக்டிவுக்கே முயலுங்கள், அதற்கு ஒரு வருடம் முன்பே எழுத வேண்டும். கல்லூரியின் பழைய மாணவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துப் பேரில் ஒருவர் பதில் போட்டாலே போதும்.

பணம் இல்லாதவர்கள் இங்கே சோர்ந்துவிடுவார்கள். மூன்று மாதம் தங்கவேண்டாம், ஒரே மாதம் ஒரே இடத்தில் ஒழுங்காக இருந்து வந்து, அந்த மருத்துவர் உங்கள் பெயரை ஞாபகம் வைத்து எழுதும் ஒரு கடிதம் கிடைத்தால், ஊர் ஊராகச் சுற்றி வாங்கிய நான்கு பொதுவான கடிதங்களைவிட அது மேல்.

விண்ணப்பம்

ஈராஸ் என்ற தளத்தில் ஒரே விண்ணப்பம், அதை எத்தனை புரோகிராமுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுபவங்கள் பத்து வரை எழுதலாம், அதில் மூன்றை முக்கியமானவை என்று விரித்து எழுத வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் செய்யும் ஒரு காரியம் எனக்கு வருத்தமாக இருக்கும். பெருந்துறை கேஷுவாலிட்டியில் ராத்திரி முழுக்கப் பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள், பாம்புக்கடிக்கு விஷமுறிவு கொடுத்துக் காப்பாற்றியிருப்பார்கள், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்களைப் பார்த்திருப்பார்கள், அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கோ ஆன்லைனில் பெயர் சேர்த்துக்கொண்ட ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பெரிதாக எழுதுவார்கள். அமெரிக்காவில் பல ரெசிடென்ட்கள் மூன்று வருடத்தில் ஒரு ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துக் கேஸ்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் பார்த்ததை, நீங்கள் செய்ததை, அதில் கற்றுக்கொண்டதை நேராக எழுதுங்கள். பர்சனல் ஸ்டேட்மென்ட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள், இன்டர்வியூவில் அதிலிருந்துதான் கேட்பார்கள்.

எத்தனை இடத்துக்கு அனுப்புவது? 2025 பருவக் கட்டணப்படி ஒரு துறையில் முதல் 30 புரோகிராமுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். நூறு இடத்துக்கு 2,430 டாலர் ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு இருநூறு, முந்நூறு அனுப்புவதற்குப் பதில் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமின் பக்கத்தையும் திறந்து பாருங்கள்: வெளிநாட்டுப் பட்டதாரிகளை எடுக்கிறார்களா, விசா தருகிறார்களா, எந்த விசா, பட்டம் பெற்ற வருட வரம்பு என்ன, இப்போதுள்ள ரெசிடென்ட்களில் நம்மைப் போல வந்தவர்கள் எத்தனை பேர். கடைசி ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். விதி என்ன எழுதியிருந்தாலும் மூன்று பேட்ச்சிலும் ஒரு வெளிநாட்டுப் பட்டதாரிகூட இல்லையென்றால் அந்த 30 டாலரை மிச்சம் பிடியுங்கள்.

சிக்னல் என்றும் ஒன்று இருக்கிறது. "உங்கள் இடத்தில் எனக்கு உண்மையாகவே விருப்பம்" என்று குறிப்பிட்ட சில புரோகிராம்களுக்கு மட்டும் சொல்லலாம். 2025 பருவத்தில் இன்டர்னல் மெடிசினில் அதிக விருப்பத்தைக் காட்டும் தங்கச் சிக்னல் மூன்று, அதற்கு அடுத்த நிலை வெள்ளி பன்னிரண்டு. பெயர்பெற்ற ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாத் தங்கத்தையும் கொடுத்து வீணாக்காதீர்கள், உங்களைக் கூப்பிட வாய்ப்புள்ள இடங்களுக்குக் கொடுங்கள்.

துறை பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம், நோய்க்குறியியல், மனநலம், நரம்பியல் ஆகியவற்றில் நமக்கு வழி இருக்கிறது. தோல், எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாம் அமெரிக்காவிலேயே படித்தவர்களுக்கே கடினம். அறுவை சிகிச்சையில் "பிரிலிமினரி" என்று ஒரு வருட இடங்கள் உண்டு, ஒரு வருடம் முடிந்ததும் தொடர்ச்சி இருக்காது. முழுப் பயிற்சியும் தருவது "கேட்டகாரிக்கல்". விண்ணப்பிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்டர்வியூ

2020-க்கு அப்புறம் பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது, நமக்கு இது பெரிய வரம், விமானச் செலவு மிச்சம். குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 7.30, முடியும்போது நள்ளிரவு தாண்டும். பகலில் வேலை பார்த்துவிட்டு அப்படியே உட்காராதீர்கள், மதியம் தூங்குங்கள். இந்த மாதங்களில்தான் மார்கழிப் பாட்டு, பொங்கல், பல ஊர்களில் நோம்பி (கோயில் திருவிழா), எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர். ஊரில் அமைதி இருக்காது என்று தெரிந்தால் முன்கூட்டியே கோவையிலோ ஈரோட்டிலோ நண்பர் அறைக்குப் போய்விடுங்கள். இன்வெர்ட்டர், இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு இரண்டும் வேண்டும்.

கேள்விகள் கஷ்டமாக இருக்காது. ஏன் இந்தத் துறை, ஏன் இங்கே, நீங்கள் தவறு செய்த ஒரு சமயம், குழுவில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள். நம் பிள்ளைகளின் குறை அறிவு இல்லை, அடக்கம்தான். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். இங்கே "டீமில் எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று சொன்னால் நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நான் இதைச் செய்தேன் என்று தயங்காமல் சொல்லிப் பழகுங்கள். எங்களை எந்த இடத்தில் ரேங்க் செய்வீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, அது விதி. யாராவது கேட்டால் மரியாதையாகப் பேச்சை மாற்றிவிடலாம், பொய்யும் சொல்ல வேண்டாம், வாக்கும் கொடுக்க வேண்டாம்.

ரேங்க் லிஸ்ட்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணம் இதுதான். இன்டர்வியூ முடிந்தவுடன் எல்லோரும் கணக்குப் போடத் தொடங்குவார்கள். "அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை முதலில் வைத்தால் அவர்கள் எடுக்காவிட்டால் என் இரண்டாவது இடம் அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விடுமே, கிடைக்கிறதை முதலில் வைத்துவிடலாம்." இது முழுக்கத் தப்பு. ஏன் என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம்.

ஹூஸ்டன், பிராங்க்ஸ், டெட்ராய்ட் என்று மூன்று புரோகிராம், தலா ஒரு இடம் என்று வைத்துக்கொள்வோம். கவின் வரிசை: ஹூஸ்டன், பிராங்க்ஸ், டெட்ராய்ட். யாழினி வரிசை: பிராங்க்ஸ், டெட்ராய்ட். நிலா வரிசை: ஹூஸ்டன், டெட்ராய்ட். புரோகிராம் பக்கம், ஹூஸ்டன் நிலாவை முதலிலும் கவினை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறது. பிராங்க்ஸ் கவினை முதலில், யாழினியை இரண்டாவதாக. டெட்ராய்ட்டுக்கு யாழினி, கவின், நிலா என்று வரிசை.

கணினி முதலில் கவினை எடுத்து ஹூஸ்டனில் உட்கார வைக்கிறது, ஆனால் தற்காலிகமாக. அடுத்து யாழினியை பிராங்க்ஸில், அதுவும் தற்காலிகமாக. அடுத்து நிலா ஹூஸ்டனைக் கேட்கிறாள், ஹூஸ்டனுக்கு கவினைவிட நிலாவைப் பிடிக்கும், கவின் எழுந்திருக்க வேண்டியதாகிறது. கவின் இப்போது தன் இரண்டாவது விருப்பமான பிராங்க்ஸைக் கேட்கிறான். அங்கே யாழினி ஏற்கெனவே இருக்கிறாள். ஆனாலும் பிராங்க்ஸ் கவினைத்தான் மேலே வைத்திருக்கிறது, அதனால் யாழினி எழுந்து தன் அடுத்த விருப்பமான டெட்ராய்ட்டுக்குப் போகிறாள், அங்கே அவள்தான் முதலிடம். முடிந்தது. கவின் முதலில் ஹூஸ்டனை முயன்று பார்த்ததால் பிராங்க்ஸில் அவன் இழந்தது ஒன்றுமே இல்லை, யாழினி முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தும்கூட. கடைசி ஆள் வரை முடியும்வரை எந்த இடமும் நிரந்தரம் இல்லை என்பதுதான் இதன் உயிர்.

டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் கணிதமாக நிறுவிய வழி இது. விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து தொடங்கும்படி ஆல்வின் ராத் 1990-களில் என்ஆர்எம்பிக்காகத் திருத்தி வடிவமைத்தார், 1998 முதல் அப்படித்தான் ஓடுகிறது. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒருவர் தனியாக வரிசையிடும்போது உண்மையான விருப்பத்தை மாற்றி எழுதி லாபம் பார்க்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம், அதனால் சீனியர் சொன்னார், கோச்சிங்கில் சொன்னார்கள் என்று வரிசையைப் புரட்டாதீர்கள்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது: ஐந்து வருடம் கழித்தும் நீங்கள் வாழ விரும்பும் இடம் எது, எங்கே நன்றாகக் கற்றுத்தருவார்கள், எந்த விசா, அண்ணன் அக்கா யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா, இதையெல்லாம் யோசித்து மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவது. போகவே முடியாது என்கிற இடத்தைத் தவிர, இன்டர்வியூ கொடுத்த எல்லா இடத்தையும் சேருங்கள், லிஸ்ட் நீண்டால் நஷ்டம் இல்லை. "நீங்கள் எங்கள் லிஸ்ட்டில் மேலே இருக்கிறீர்கள்" என்று புரோகிராமிலிருந்து அன்பாக ஒரு மின்னஞ்சல் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள், அது அவர்களைக் கட்டுப்படுத்தாது.

லிஸ்ட்டைச் சேமித்தால் மட்டும் போதாது, "சர்ட்டிஃபை" என்பதை அழுத்த வேண்டும். கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 மணி, நமக்கு மறுநாள் காலை 7.30. அந்தக் காலைக்காகக் காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்பது நம் பக்கம் சாதாரணம். அவர்களுக்கு "கப்பிள்ஸ் மேட்ச்" இருக்கிறது: இருவரும் ஜோடி ஜோடியாக இடங்களை வரிசையிடலாம், இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அந்த வரி எடுக்கப்படும். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவருக்கு மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை என்றால் அந்தச் சேர்க்கைகளையும் லிஸ்ட்டின் அடியில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் இருவருமே வெளியே நிற்கும் நிலை வரலாம்.

கல்யாணம் என்றவுடன் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆடிக்கு முன் முடிக்க வேண்டும் என்று வைகாசி, ஆனியில் முகூர்த்தம் பார்ப்பார்கள். விசா, பயணம், ஜூன் கடைசியில் ஓரியன்டேஷன் எல்லாம் அதே நேரம்தான். ஒரம்பரை கோபித்துக்கொண்டாலும், மார்ச் முடிவு தெரியும்வரை தேதி குறிக்காதீர்கள்.

மேட்ச் வாரம்

திங்கட்கிழமை இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும், நம் நேரம் இரவு 7.30 வாக்கில். எங்கே என்பது வெள்ளிக்கிழமை இரவு 9.30-க்கு. நடுவில் உள்ள நாட்களில், கிடைக்காதவர்களுக்காக சோப் என்ற முறை ஓடுகிறது: நிரம்பாத இடங்களின் பட்டியல் வரும், ஈராஸில் 45 புரோகிராம் வரை விண்ணப்பிக்கலாம், வியாழக்கிழமை நான்கு சுற்றுகளில் அழைப்பு வரும், வந்த அழைப்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்க வேண்டும். நீங்களாக எந்தப் புரோகிராமையும் கூப்பிடக் கூடாது, உங்களுக்காக மாமா பேசுவதும் கூடாது, அது விதிமீறல். திங்கட்கிழமை ராத்திரி மனசு உடைந்திருக்கும் என்பது தெரியும், ஆனாலும் சோப்புக்கு வேண்டிய பர்சனல் ஸ்டேட்மென்ட்களை பிப்ரவரியிலேயே எழுதி வைத்திருந்தால் அந்த ராத்திரியில் வேலை செய்ய முடியும்.

அதிலும் கிடைக்கவில்லையென்றால் அடுத்த செப்டம்பர். அந்த ஆறு மாதத்தில் யுஎஸ்எம்எல்இ-யின் கடைசித் தேர்வான ஸ்டெப் 3 எழுதலாம், இன்னொரு நல்ல கடிதம் வாங்கலாம், நோயாளி பார்க்கும் வேலையை மட்டும் விடக் கூடாது. இடைவெளி விழுந்த விண்ணப்பம் பலவீனமாகிவிடும். நீட் பிஜி எழுதுவதையும் யோசிக்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

விசாவும் அதற்கப்புறம் உள்ள பேப்பரும்

பெரும்பாலானோர் போவது ஜே-1 என்ற பயிற்சி விசாவில். அதற்கு ஸ்பான்சர் இசிஎஃப்எம்ஜியே. பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதோடு வரும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்ப்பது ஒரு வழி, ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 பேரை அப்படிப் பரிந்துரைக்கலாம். எச்-1பி என்ற வேலை விசா என்றால் ஸ்டெப் 3 முன்பே முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அரசு அறிவித்தபின், அதை நம்பி மட்டும் திட்டம் போடுவது ஆபத்து. புரோகிராமிடம் இன்டர்வியூ சமயத்திலேயே விசா பற்றிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு முடிவு வந்தவுடன் இனிப்பு கொடுங்கள், தூங்குங்கள், அடுத்த வாரமே இந்த வேலைகளைத் தொடங்குங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்து, ஜே-1-க்கு டெல்லியில் உள்ள மத்திய சுகாதார அமைச்சகத்திலிருந்து வாங்க வேண்டிய தேவைச் சான்று, தடுப்பூசிப் பதிவுகள், சேரும் மாநிலத்தின் பயிற்சி லைசன்ஸ், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேரம். இதில் தேவைச் சான்றுதான் எல்லாவற்றையும் தாமதப்படுத்தும், அதற்கான படிவங்கள், பாஸ்போர்ட் நகல், பட்ட நகல் எல்லாவற்றையும் மார்ச் தொடக்கத்திலேயே ஒரு ஃபைலில் போட்டுவைத்து, புரோகிராமின் கடிதம் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.